இடுப்பளவு நீரில் என் நாத்தனார்

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். இதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி எழுதினால் ஊரே சிரிக்கும். இருபத்தாறு வருடங்களாக ஒரே சுவரின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் குடியிருக்கிறோம். என் தையல் மெஷின் சத்தம் அவளுக்கு ஆகாது. அவள் வாசலில் காயும் வலையின் வாடை எனக்கு ஆகாது. ஆனாலும் அவளைப் பற்றி வேறு யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்லித் திரிவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. கூடக் குறைய இருந்தால் அவளே சுவர் வழியாகக் கத்தித் திருத்திவிடுவாள்.

ஊரில் அவளுக்கு வைத்த பெயர் ‘முடியாது’. சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் மட்டும் வகுப்பைப் பெருக்க வேண்டும் என்றார்களாம். இவள் முடியாது என்றாள். பதினோரு நாள் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள், நின்றாள். பன்னிரண்டாம் நாள் பையன்கள் கையிலும் துடைப்பம் வந்தது. அவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன். அந்தக் கோபம் அவருக்கு இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை.

கல்யாணமும் ஆனது. மாப்பிள்ளை படகு இன்ஜின் பழுது பார்ப்பவர், பார்க்க லட்சணமாக இருப்பார். மூன்றாம் மாதம், கடற்கரை வேலையை விடு, உன் மேல் வலை வாடை அடிக்கிறது என்றார். என்ன பதில் வந்திருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. அவர் கோபித்துக்கொண்டு வேறொரு துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து இவளை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வேண்டுமென்றால் நீயே வா என்று இவள் அதே ஆளிடம் சொல்லி அனுப்பினாள். அவர் வரவில்லை. துக்கம் விசாரிப்பதுபோல நான் போனபோது வலை கட்டிக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லையா என்று கேட்டேன். வந்தது, நேற்றுக் காலையிலேயே முடிந்துவிட்டது என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, உண்மையைச் சொன்னால் என்ன.

அவள் வேலை வலை கட்டுவதும் சுத்தம் செய்வதும். எங்கள் ஊர்க் கடல் கரையிலிருந்து நெடுந்தூரம் ஆழமே இல்லாமல் போகும். அதைத் தாண்டித்தான் ஆண்கள் நண்டு வலை போடுவார்கள். காலையில் நண்டைக் கழற்றிக்கொண்டு வலையை அப்படியே கொட்டகைத் தரையில் குவித்துவிட்டுப் போவார்கள். ஆறேழு பெண்கள் உட்கார்ந்து சிக்கெடுக்க வேண்டும். கல், சிப்பி, உடைந்த கொடுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் பாசி. கைநிறையப் பாசி. மற்றவர்கள் அதை உருவி மணலில் வீசுவார்கள், வெயிலில் காய்ந்துபோகும். இவள் மட்டும் ஈரக் கூடையில் போட்டுவைத்து, கூடை நிறைந்ததும் எழுந்துபோய், முழங்கால் தண்ணீரில் நின்று உதறிவிட்டு வருவாள். மற்றவர்கள் நான்கு வலை முடிக்கும் நேரத்தில் இவள் மூன்றுதான் முடிப்பாள். கடலுக்குச் சோறு ஊட்டப் போகிறாள் என்று கொட்டகையில் கேலி செய்வார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அந்தப் பாசிக்குள் நண்டுக்குஞ்சு இருக்கிறது என்பது அவள் பேச்சு. கையகலம் வளர்ந்த நண்டுக்குக் கொடுக்கு இருக்கிறது, கல் மாதிரி ஓடு இருக்கிறது. நகத்தளவு குஞ்சுக்கு என்ன இருக்கிறது? அது வளர வேண்டுமென்றால் போட்டிருக்கும் ஓட்டைக் கழற்ற வேண்டும். சின்னதாக இருக்கும்போது அடிக்கடி கழற்றும். கழற்றிய நேரத்தில் உடம்பு ஈரத்துணி மாதிரி தொளதொளவென்று இருக்கும். புது ஓடு இறுகும் வரை ஓடவும் முடியாது, கிள்ளவும் முடியாது. வெறும் மணலில் கிடந்தால் மீனுக்கு ஒரு வாய். பெரிய நண்டே பிடித்துத் தின்றுவிடும், சொந்தபந்தமெல்லாம் பார்க்காது. பாசிக்குள் ஒதுங்கினால்தான் பிழைக்கும். இதெல்லாம் நாத்தனார் சொல்லி எனக்குத் தெரிந்தது. சொல்லி என்பதைவிடச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தி என்பதே சரி.

ஆண்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பாசியில் ஊர்கிற அந்தப் பொடி நண்டு வேறு வகை, எத்தனை வருடமானாலும் அதே அளவில்தான் இருக்கும், நாம் பிடிக்கிற நண்டு ஆழத்தில் பிறந்து ஆழத்தில் வளர்வது என்று சாதித்தார்கள். அவர்கள் அப்பாக்களும் அப்படித்தான் சொன்னார்களாம். வலையில் விழாதது கடலில் இல்லை என்பது எங்கள் ஊர் ஆண்களின் முடிவு. அதை யாராலும் அசைக்க முடியாது.

என் வீட்டுக்காரர் படகுச் சங்கத்தின் தலைவர். பாசி என்றாலே அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வராமல் என்ன செய்யும்? இரண்டு வருடங்களுக்கு முன், படகைத் தள்ளும் இன்ஜின் விசிறியில் பாசி சுற்றிப் படகு நின்றுவிட்டது. காற்று பாறைப் பக்கம் தள்ளியது. இன்ஜின் அணைந்துவிட்டது என்று நினைத்துக் கையை விட்டு அறுத்திருக்கிறார். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அவர் சட்டைக்குப் பொத்தான் போடுவது அன்றிலிருந்து நான்தான். தையல்காரி கட்டிய பொத்தானை அவராலேயே போட முடியவில்லை என்ற வருத்தம் எனக்குக் கொஞ்சமா?

அதனால் இந்த வருடம் சங்கத்தில் அவர் அந்த முடிவைக் கொண்டுவந்தபோது நான் அவர் பக்கம்தான். முடிவு இதுதான்: இரண்டு படகுக்கு நடுவே பழைய நங்கூரச் சங்கிலியைக் கட்டி, ஆழமில்லாத கடல் முழுக்க இழுத்து, பாசியைக் கல்லோடு பிடுங்கி எறிந்துவிடுவது. இனி எந்த விசிறியிலும் சுற்றாது, எவன் விரலும் போகாது.

கூட்டத்தில் என் நாத்தனார் எழுந்தாள். படகு போக வர ஒரு படகு அகலத்துக்கு வழி விட்டால் போதும், அந்த வழியை நானே அரிவாளால் அறுத்துக் கொடுக்கிறேன், கொம்பு நட்டு அடையாளம் வைக்கிறேன், மிச்சத்தைத் தொடாதீர்கள் என்றாள். நியாயமாகத்தான் கேட்டாள். ஆனால் அந்த வழியாகப் போனால் எல்லோரும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கால் மணி நேரம் கூடுதல் என்று முணுமுணுத்தார்கள். என் வீட்டுக்காரர் தங்கையை நேருக்கு நேர் பார்த்து, பாசிக்குள் நம் நண்டின் குஞ்சு இருக்கிறது என்கிறாயே, பாசிக்கு நடுவில் நாற்பது வலை போடுகிறோம், ஒரு குஞ்சு சிக்கினாலும் சங்கிலியைத் தொட மாட்டோம், ஒன்றும் சிக்காவிட்டால் நீ வாயைத் திறக்கக் கூடாது, சம்மதமா என்று கேட்டார். அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் அவளுக்குக் கண் மண் தெரியவில்லை. சம்மதம் என்றாள்.

இங்கேதான் அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். ஆறு வருடங்களுக்கு முன்னால் சங்கம் வலைக்கண்ணைப் பெரிதாக்கியிருந்தது. விற்க முடியாத சின்ன நண்டு தப்பிப் போகட்டும், வளர்ந்து வரட்டும் என்று என் வீட்டுக்காரரே முன்னின்று செய்த ஏற்பாடு. புதுக் கண் வைத்து எல்லா வலைகளையும் கட்டியவள் யார்? என் நாத்தனார். மாவு சல்லடையில் தங்கவில்லை என்பதால் மாவே இல்லை என்று சொன்னால் எப்படி, அப்படிப்பட்ட சோதனை அது. அதைக் கேட்டவருக்கும் உறைக்கவில்லை, சம்மதித்தவளுக்கும் உறைக்கவில்லை. வலையோடு பிறந்து வலையோடு வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம்.

மறுநாள் நாற்பது வலையும் வந்தன. பாசிக்கு நடுவில் போட்ட வலை என்பதால், பாரம் குறையட்டும் என்று அன்றைக்குப் பாசியையெல்லாம் கடலிலேயே உதறிவிட்டுத்தான் கொண்டுவந்தார்கள். மூன்று முழு நண்டு, ஒரு பழைய செருப்பு. குஞ்சு ஒன்றுகூட இல்லை. அவள் முகத்தில் ஈயாடவில்லை. நாளைக் காலையில் சங்கிலி என்று அறிவித்துவிட்டு ஆண்கள் கலைந்தார்கள். கொட்டகைப் பெண்கள்கூட அவள் பக்கம் திரும்பவில்லை.

சாயந்திரம் என் வீட்டுக்காரர் ஒரு கட்டுப் பாசியோடு வந்தார். சோதனை வலை எடுக்கப் போன இடத்திலேயே அவர் விசிறியில் சுற்றிக்கொண்டதாம். இந்தமுறை இன்ஜின் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து அறுத்தாராம். பார், பார், இதைத்தான் உன் நாத்தனார் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறாள் என்று சொல்லி, நான் துணி நனைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டியில் தொப்பென்று போட்டார். அந்தத் தொட்டியில்தான் போட வேண்டுமா என்று நான் கத்தினேன்.

சிறிது நேரத்தில் அவள் வந்தாள். கையில் ஒரு வலை. தன் கட்டைவிரலை அந்த வலையின் ஒரு கண்ணில் விட்டாள். அடி வரை தாராளமாகப் போய் வந்தது. இந்த வலையில் குஞ்சு எப்படி நிற்கும், நானே கட்டிய வலையை நானே மறந்துவிட்டேன், சோதனை செல்லாது என்றாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பது பேர் முன்னால் கொடுத்த வாக்கு, கொடுத்தது கொடுத்ததுதான் என்றார். பேச்சு தடித்தது. பள்ளிக்கூடத் துடைப்பம் வரைக்கும் போனது. நானும் என் பங்குக்கு, உன் பிடிவாதத்துக்கு உன் அண்ணனின் விரல்கள் போதாதா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் வலையைச் சுருட்டிக்கொண்டு போனாள். அவள் நின்ற இடத்துக்கும் அந்தத் தொட்டிக்கும் ஒரு முழம்தான் இருக்கும். கோபத்தில் இருந்த மூன்று பேரில் ஒருவருக்கும் அதற்குள் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் வெயில் வந்ததும் அவர் கிளம்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் கொட்டகைப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். உங்கள் நாத்தனார் கடலில் இறங்கிச் சங்கிலி வருகிற பாதையில் நிற்கிறாள், இடுப்பளவு தண்ணீர், கூப்பிட்டால் வரவில்லை என்றாள். நிற்கட்டும், நின்று பழக்கப்பட்டவள்தானே என்றேன். துணி நனைக்க வேண்டும். தொட்டியிலிருந்து பாசிக் கட்டை இரண்டு கையாலும் தூக்கினேன்.

அடியில் கொஞ்சம் கடல்நீர் வடிந்து நின்றது. அதில் ஏதோ ஓடியது. தையலுக்குப் போடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். நகத்தளவு, சில நகத்தில் பாதி. பாசியின் அதே பழுப்புப் பச்சை. பாசியை லேசாக உதறினேன். பொலபொலவென்று இன்னும் விழுந்தன. முப்பது வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ண முடியவில்லை, ஒன்று ஓடாமல் நின்றால்தானே. ஒன்று மட்டும் ஓடவில்லை. பக்கத்தில் அதன் பழைய ஓடு கிடந்தது, கண்ணாடித் தாள் மாதிரி. விரலால் தொட்டேன், பஞ்சு போல அமுங்கியது. விரலை எடுத்துவிட்டேன்.

நான் இவளுக்காகப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சொன்னால் எனக்கு ஆகாது, அவ்வளவுதான். பாசியைத் திரும்பத் தொட்டியில் வைத்து, தொட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவழியே நடந்தேன்.

கரையில் கூட்டம். ஆழமில்லாத கடலில் இரண்டு படகும் மெதுவாக வந்துகொண்டிருந்தன. நடுவில் சங்கிலி தண்ணீருக்குள் கிடந்தது. அதற்கு நேரெதிரே அவள், பாசிக்கு நடுவில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினேன். பாசி காலில் சுற்றியது, வழவழவென்று அருவருப்பாக இருந்தது. தொட்டியைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டே போனேன். என்னைப் பார்த்ததும் அவள், அண்ணி, கூட்டிட்டுப் போக வந்தியா என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டு நில் என்றேன்.

என் வீட்டுக்காரர் இன்ஜினை அணைத்தார். மற்றப் படகின் இன்ஜினும் அணைந்தது. படகு தானாக மிதந்து எங்களுக்கு இரண்டு கை தூரத்தில் வந்து நின்றது.

“கரைக்குப் போ” என்றார் தங்கையிடம்.

“சங்கிலிய இழுண்ணே. என் காலையும் சேத்து இழு.”

“வாக்குக் குடுத்த இல்ல நீ?”

“குடுத்தேன். தப்பாக் குடுத்தேன். அந்த வலைய நான்தான் கட்டினேன், நீதான் கட்டச் சொன்ன. சின்னது தப்பிச்சுப் போகணும்னு கட்டின வலையில சின்னது இல்லன்னு சொல்ற. என் முட்டாள்தனத்துக்கு இதுங்க ஏன் சாகணும்?”

அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் என்னைப் பார்க்காதவர்போல இருந்தார். நான் தொட்டியைப் படகின் ஓரம் தள்ளி, நேற்று நீங்கள் கொண்டுவந்த பாசிதான், உள்ளே பாருங்கள் என்றேன். குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் மாதிரி தலையைப் பின்னால் இழுத்தார். அவருக்குக் கிட்ட இருப்பது சரியாகத் தெரியாமல் போய் மூன்று வருடமாகிறது, கௌரவத்தில் சொல்லிக்கொள்வதில்லை. என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். ஊர் பார்க்க அதை மாட்டிக்கொண்டார். பூப்போட்ட சட்டம்.

இடது கையால் ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பினார். பின்னங்கால் இரண்டும் துடுப்பு மாதிரி தட்டையாக இருந்தன. முதுகின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு ஒவ்வொரு முள். முப்பது வருடமாகத் தினமும் கையில் எடுக்கிற நண்டு. அதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொடி எத்தனை நாளில் கையகலம் ஆகும் என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது. ஒரு வருடம்கூட ஆகாது, விட்டால் என்றாள் அவள்.

அவர் நகத்தைத் தொட்டியில் நனைத்துக் குஞ்சை விட்டார். மற்றப் படகைப் பார்த்து, இன்றைக்கு வேண்டாம் என்றார். நான் அதோடு விட்டிருப்பேன். அவள் விடுவாளா?

“இன்னைக்கு மட்டும்னா நாளைக்கும் நான் இங்கதான் நிப்பேன்” என்றாள்.

“மறுபடி எவன் விசிறியிலயாவது சுத்தினா?”

“வழி அறுத்துத் தரேன்னு சொன்னேன்ல. அதையும் தாண்டிச் சுத்தினா என்னைக் கூப்பிடு. நான் வந்து அறுக்கிறேன். நீ கைய விடாத.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுற்றிப் போவது எத்தனை தொல்லை தெரியுமா என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னார். பிறகு சங்கிலியைக் கரையேற்றச் சொல்லிச் சைகை காட்டினார். மற்றப் படகுக்காரர் வாய்க்குள் ஏதோ திட்டினார். கரையில் நின்றவர்களில் பாதிப் பேருக்குக் கோபம். இன்றைக்கும் கோபம்தான், கொம்பு நட்ட வழியாகப் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பெண்கள் இருவரையும் வைது தீர்க்கிறார்கள். வைதுவிட்டுப் போகட்டும், எங்கள் உடம்பில் ஒட்டிக்கொள்ளப் போவதில்லை.

படகுகள் கரைப் பக்கம் திரும்பியதும் வா போகலாம் என்றேன். அவள் அசையவில்லை. சங்கிலி முழுக்க மணலில் ஏறட்டும், அப்புறம் வரேன் என்றாள். உன் அண்ணன் சொல்லிவிட்டாரே என்றேன். சொன்னது சரி, சங்கிலி இன்னும் தண்ணீரில்தானே இருக்கிறது என்றாள். ஐந்தாறு பேர் சேர்ந்து வளையம் வளையமாக இழுத்தார்கள். ஒவ்வொரு முழமும் கடலை விட்டு வர மனமில்லாததுபோல வந்தது. எனக்குக் கால் மரத்துப்போனது, இடுப்பு வரை துணி ஊறிக் கனத்தது. உன்னோடு சேர்ந்தால் இதுதான் கதி என்று வாய் ஓயாமல் திட்டினேன். திட்டினேன், ஆனால் நின்றேன்.

கடைசி வளையம் மணலில் விழுந்த பிறகுதான் அவள் தொட்டியின் ஒரு காதைப் பிடித்தாள். மறு காதை நான் பிடித்தேன். இரண்டு பேருமாகப் பாசிக்குள் மெதுவாகச் சாய்த்தோம். அத்தனையும் இறங்கின. கண்ணாடி என்னிடம் இல்லை, அதனால் நான் அவளிடம் கேட்டேன், ஏதாவது தெரிகிறதா என்று. அவள் கண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது. முகத்தைத் தண்ணீரில் தொடுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

“ஒண்ணுகூடத் தெரியல அண்ணி” என்றாள், சிரித்துக்கொண்டு. “தெரியக் கூடாது.”